பின்கதவு வழியே போன கவுன்கள்

டார்க்கஸ் பின்னி ஒரு கவுனைக் கையில் எடுத்தால் முதலில் அக்குளைத்தான் முகர்ந்து பார்ப்பாள். துணி என்ன, தையல் எப்படி, எந்த வருஷத்து மோஸ்தர் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். மேலே எத்தனை சீசா சென்ட்டைக் கொட்டியிருந்தாலும் அடியில் இருக்கிற ஆளை அவள் மூக்கு கண்டுபிடித்துவிடும். "ஏழை வேர்வை சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை குளிச்சா போயிரும். பணக்காரி வேர்வை இருக்கே, அது பட்டுல ஊறி, காஞ்சு, மறுபடி ஊறினது" என்பாள். சும்மா சொல்லக் கூடாது, அந்த மூக்கு மாதிரி ஒரு மூக்கு லண்டனில் அந்த வியாபாரத்தில் வேறு யாருக்கும் இருந்ததில்லை.

எட்ஜ்வேர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு சந்தில் அவள் கடை. கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியும் என்று ஒப்புக்கொள்கிறவர்களும் கிடையாது. பெரிய வீட்டுச் சீமாட்டிகள் விருந்துக்கும் நாடகத்துக்கும் நடனத்துக்கும் போட்டுக் கழித்த கவுன்களை வாங்குவாள், கறை எடுப்பாள், பிரித்துத் தைப்பாள், விற்பாள். நாடகக்காரிகளும், நடனக் கூடத்தில் ஆடிப் பிழைக்கிற பெண்களும் முன்கதவு வழியாக வருவார்கள். "அக்கா, எனக்கு எது எடுத்து வெச்சிருக்கே" என்று கூவிக்கொண்டே வந்து, பேரம் பேசி, சிரித்துவிட்டுப் போவார்கள்.

பின்கதவு வழியாக வருகிறவர்கள் வேறு ஜாதி. கசாப்புக்கடைக்காரர் மனைவி, மருந்துக்கடைக்காரர் மனைவி, சவப்பெட்டி செய்கிறவர் மனைவி. கௌரவமானவர்கள். முகத்துக்கு வலை போட்டுக்கொண்டு, சாம்பல் தொட்டிகளைத் தாண்டி வந்து கதவைச் சுரண்டுவார்கள். வாங்கியதைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, மீன் வாங்கிப் போகிற மாதிரி எடுத்துப் போவார்கள். மறுநாள் தெருவில் எதிரே வந்தால் டார்க்கஸ் அவர்களுக்கு ஒரு விளக்குக் கம்பம். அவளும் அவர்களைத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளக் கூடாது. அதுதான் இந்த வியாபாரத்தின் சட்டம். கடை திறந்த நாளிலிருந்து அவள் அதை மீறியதே இல்லை. அவள் வாயைத் திறந்திருந்தால் அந்த வட்டாரத்தில் பாதிக் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போயிருக்கும்.

அவளுக்கு ஒரே மகள், எஃபி. வக்கீல் ஆபீஸ் ஒன்றில் டைப் அடிக்கிற வேலை. டாரண்ட் ஜவுளிக்கடை முதலாளியின் மகன் லயனல் அவளை விரும்பினான், அவளும் அவனை விரும்பினாள். 1928ஆம் வருஷக் குளிர்காலத்தில் வட்டார வணிகர் சங்கத்தின் நடன விருந்து வந்தபோது லயனல் எஃபியையும் அவள் அம்மாவையும் அழைத்தான்.

அந்த விருந்தில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் நடனம். நடுவில் சாப்பாட்டு மணி அடிக்கும். ஜோடி ஜோடியாக வரிசை கட்டி உள்ளே போவார்கள். கல்யாணமாகாத பையன் எந்தப் பெண்ணின் கையைக் கோத்துக்கொண்டு தன் அப்பா அம்மா உட்காரும் மேஜைக்குப் போகிறானோ அவள்தான் அந்த வீட்டு மருமகள் என்று ஊர் எடுத்துக்கொள்ளும். மோதிரமெல்லாம் அப்புறம். விருந்துக்கு அழைத்துவிட்டு, மணி அடிக்கும்போது கையைக் கொடுக்கவில்லையென்றால் அதையும் ஊர் பார்த்துக்கொள்ளும். அந்தப் பெண் பிறகு வேறு வட்டாரத்தில்தான் மாப்பிள்ளை தேட வேண்டும்.

"லயனலோட அம்மா ஒண்ணு சொல்லியிருக்காங்களாம்மா" என்றாள் எஃபி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே. "நான் என்ன போட்டுட்டு வரேன்னு பார்த்துட்டுதான் மேஜைக்குக் கூப்பிடறதா வேணாமான்னு முடிவு பண்ணுவாங்களாம்."

"என்ன போட்டுட்டு வரணுமாம்?"

"பழசு இல்லாம இருந்தா போதுமாம். பழைய துணிக்காரி பொண்ணு பழைய துணியில வந்து நின்னா அவங்களுக்குச் சாப்பாடு இறங்காதாம்."

டார்க்கஸ் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று மகளிடம்கூடச் சொல்லவில்லை. மிஸஸ் டாரண்ட் பின்கதவைச் சுரண்டி வந்து ஒரு ஊதா வெல்வெட் மேலங்கி வாங்கிப் போனதை எஃபி அறியமாட்டாள். சட்டம் என்றால் எல்லாருக்கும்தான் சட்டம்.

"அந்த வெள்ளி மணி கோத்த கவுன் தொங்குதே, அதைப் போட்டுக்கவாம்மா? எனக்கே அளவெடுத்த மாதிரி இருக்கு. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்."

"நீதானேம்மா சுத்தம் பண்ணினே."

"அதான் சொல்றேன். அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். இன்னொருத்தி வேர்வை பட்ட துணி என் மக தோல்ல படாது. பொறந்ததுலேருந்து பட்டதில்ல. அந்த டாரண்ட்காரிக்காக இல்ல, எனக்காகச் சொல்றேன்."

டார்க்கஸுக்கு இந்த அருவருப்பு சும்மா வந்ததில்லை. பதினேழு பதினெட்டு வயசில், நார்ஃபோக் சதுப்பு நிலத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து, லேடி ஹால்ஸ்டன் வீட்டில் சீமாட்டியின் சொந்த வேலைக்காரியாகச் சேர்ந்தாள். அந்த வேலைக்குப் போனால் பெற்றவர்கள் வைத்த பேர் போய்விடும். குடும்பப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவள் அங்கே 'க்ரௌச்'.

அது ஏழாவது எட்வர்ட் ராஜா காலம். விருந்து கவுன் என்றால் நெஞ்சை முன்னால் தள்ளி, பின்பக்கத்தைப் பின்னால் தள்ளி, நடுவில் திமிங்கல எலும்பு வைத்த கச்சையால் இறுக்கி, கோபித்துக்கொண்ட வாத்து மாதிரி நடக்கிற உடை. பின்னால் பட்டில் ஒரு வால், தரையில் இழுபட்டுக்கொண்டே வரும். வீட்டுக்குள் பார்க்க அழகுதான். ஆனால் வண்டியிலிருந்து நாடகக் கொட்டகை வாசல் வரைக்கும், அங்கிருந்து திரும்ப வண்டி வரைக்கும், அந்த வால் லண்டன் தெருவைப் பெருக்கிக்கொண்டு வந்தது. குதிரைச் சாணி, எச்சில் கபம், ஆரஞ்சுத் தோல், சுருட்டுக் கட்டை. ஒருநாள் வாலின் உள்மடிப்பில் ஒரு மீன் தலை இருந்தது. கண் திறந்தபடி டார்க்கஸைப் பார்த்தது. காலையில் அவள் அதைச் செய்தித்தாளின் மேல் விரித்து, காய்ந்ததைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பாள். தூசி அவள் மூக்கிலும் வாயிலும் போகும். பிறகு அதே கையோடு ரொட்டி தின்பாள், வேறு நேரம் கிடையாது.

அந்தக் கவுனைத் தண்ணீரில் போட முடியாது. பட்டு சுருங்கும், லேஸ் கிழியும். ஆகவே யாரும் எதையும் துவைக்கவில்லை. அக்குளில் வைத்துத் தைத்த ரப்பர் பட்டையை மட்டும் பிரித்து எடுத்துக் கழுவி, மறுபடி தைக்க வேண்டும். வெந்நீரில் போட்டால் தண்ணீர் டீ நிறமாகும்.

"க்ரௌச், கொஞ்சம் வயலட் பூ வாசனைத் தண்ணி தெளிச்சு வை. இன்னைக்கும் அதையே போட்டுக்கறேன்."

"சரிங்கம்மா."

"நேத்து ஒருத்தர் என் பக்கத்துல உட்கார்ந்து, தோட்டத்துல உட்கார்ந்த மாதிரி இருக்குன்னார்."

"தோட்டத்துக்கு எரு போட்டிருப்பாங்கம்மா" என்று டார்க்கஸ் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வாயால் சொன்னது இன்னொரு "சரிங்கம்மா".

சீமாட்டி கழித்த உடை வேலைக்காரிக்குச் சேர வேண்டும்; அது அந்த வீடுகளில் எழுதாத சம்பளம். மற்ற வீட்டுப் பெண்கள் அதைப் பிடித்துத் தைத்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போட்டுப் பெருமையாகப் போனார்கள். டார்க்கஸ் ஒன்றைக்கூட உடம்பில் மாட்டியதில்லை. ஒரே ஒரு சாம்பல் நிறப் பருத்தி உடையில் போவாள். அவர்கள் சிரித்தார்கள். அவள் கவுன்களை விற்றுக் காசாக்கினாள். சிரித்தவர்கள் எல்லாரும் கடைசி வரைக்கும் யார் வீட்டு மாடிப்படியிலோ கக்கூஸ் வாளியோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். கடை வைத்தவள் அவள் ஒருத்திதான்.

எட்வர்ட் ராஜா செத்த கையோடு மோஸ்தர் தலைகீழாயிற்று. கச்சை தளர்ந்தது, இடுப்பு மார்புக்கு அடியில் ஏறியது, வால் போனது. டார்க்கஸ் கொஞ்சம் மூச்சு விட்டாள். அதற்குள் பாவாடையைக் கணுக்காலில் குறுக்கிக் கட்டினார்கள். அதுவரைக்கும் வாத்து, இப்போது காலைக் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகிற கோழி. தலையில் ஒரு தலைப்பாகை, அதில் ஒரு இறகு. லேடி ஹால்ஸ்டன் மோட்டார் படியில் கால் எடுத்து வைக்க முடியாமல் டிரைவர் மேல் விழுந்து, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பாரிஸ்ல எல்லாரும் இப்படித்தான் ஏறறாங்க" என்றாள். முன்பெல்லாம் உள்ளே நாலு பாவாடை போட்டிருப்பார்கள். வேர்வையை அது குடிக்கும். இப்போது ஒன்றுமில்லை. அத்தனையும் நேராக மெல்லிய பட்டில் இறங்கியது.

அந்த உடைக்கு மேலே போட்டுக்கொள்ள வந்ததுதான் ஊதா வெல்வெட் மேலங்கி. கழுத்தைச் சுற்றி ரோமம், உள்ளே வெளிர் ஊதாப் பட்டு. லேடி ஹால்ஸ்டன் அதைப் போட்டுக்கொண்டு இரண்டாம் தடவை போன இடத்தில் சிப்பி சாப்பிட்டிருக்கிறாள். சிப்பி கெட்டுப்போனது. திரும்பி வரும்போது மோட்டாரின் இருக்கை பாழாகக் கூடாது என்று, மேலங்கியின் இடதுபக்கத்தைப் பாத்திரம் மாதிரி விரித்துப் பிடித்து, எல்லாவற்றையும் அதற்குள்ளேயே கக்கிவிட்டாள். மோட்டார் ஹால்ஸ்டன் பிரபுவுடையது, புதுசு. மேலங்கியை அப்படியே சுருட்டி வாசலில் நின்ற டார்க்கஸ் கையில் கொடுத்தாள். உள்ளே இன்னும் சூடாக இருந்தது.

"இது உனக்கு, க்ரௌச். எடுத்துக்கோ."

நன்றி சொல்வாள் என்று ஒரு நிமிஷம் காத்துக்கொண்டு வேறு நின்றாள். அந்த மாசக் கடைசியில் டார்க்கஸ் அந்த வீட்டை விட்டு வெளியே வந்தாள். வரும்போது மேலங்கியையும் கொண்டுவந்தாள். சம்பாதித்ததை விட்டுவிட்டு வருகிற ஆளில்லை அவள். சூடான தவிட்டைக் கொட்டித் தேய்த்து, கறை எடுக்கிற பென்சினில் நனைத்து, இடதுபக்கத்து உள்பட்டைக் கிழித்துப் போட்டு, கிட்டத்தட்ட அதே நிறத்தில் வேறு பட்டு வைத்துத் தைத்தாள். இடது அக்குளில் வெல்வெட்டே போயிருந்தது. உள்ளிருந்து முக்கோணமாக ஒரு ஒட்டுப் போட்டாள். சந்தில் கடை திறந்த அன்று முன்னால் தொங்கியது அதுதான்.

யுத்தம் வந்தது. ஊரே கறுப்பு உடுத்தியது. துணித் தட்டுப்பாட்டில் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியது; ஏறினது பிறகு இறங்கவேயில்லை. மலிவுக் கறுப்புச் சாயம் வேர்வையில் கரைந்து, பெண்களின் கழுத்தில் கரிக்கோடு போட்டது. யுத்தம் முடிந்த கையோடு வந்த காய்ச்சலில் அவள் புருஷன் பின்னி செத்தான், டாக்ஸி ஓட்டினவன், நல்ல மனுஷன். அப்போது அவள் தைத்துக்கொண்ட கறுப்புப் பட்டு உடைதான் அவளுடைய ஒரே நல்ல உடை. அதையும் புதுத் துணி வாங்கித்தான் தைத்தாள்.

அப்புறம் வந்தது இந்தத் தலையணை உறை. மார்பைத் துணி சுற்றித் தட்டையாக்கி, இடுப்பைத் தொடைக்கு இறக்கி, தோள், கை, முதுகு எல்லாவற்றையும் வெளியே விட்டு, முழங்காலோடு முடிகிற கவுன். துணி இத்தனை குறைந்த பிறகு அழுக்கும் குறையும் என்று டார்க்கஸ் நம்பினாள். எங்கே குறைந்தது? முகத்துக்குப் பூசுகிற மாவு, களிம்பு, உதட்டுச் சிவப்பு, ஜின், சிகரெட் ஓட்டை. அதைவிட, ஆடுகிற கவுனின் முதுகில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, ஒவ்வொன்றிலும் பழுப்பாக ஒரு கறை. ஆண்பிள்ளையின் கை. ஒருத்தன் கை இல்லை, பல பேர் கை, ஒன்றின் மேல் ஒன்றாக. அதன் மேலே கண்ணாடி மணி அப்பியிருப்பதால் தேய்க்கவும் வழியில்லை. ஒவ்வொரு மணியையும் விலக்கி விலக்கித் துடைப்பாள். அம்மாக்கள் தெருவைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள், மகள்கள் ஆண்பிள்ளைகளின் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று காறித் துப்புவாள்.

அதனால்தான் எஃபிக்குப் புதுத் துணி. வாங்குவதானால் டாரண்ட் கடையிலேயே வாங்குவது என்று முடிவுகட்டி, பட்டப்பகலில், முன்வாசல் வழியாக உள்ளே போனாள். மிஸ்டர் டாரண்ட் தானே வந்து கவனித்தார். கடல்பச்சை நிற வலைத்துணி, மேலெல்லாம் சம்கி. கையில் எடுத்தால் கனமே இல்லை.

"மணி வெச்சதைப் போட்டா பொண்ணு மூட்டை தூக்கற மாதிரி நடக்கும்" என்றார். "இதைப் போட்டா பறக்கும். பாரிஸ் சரக்கு, நேத்துதான் பிரிச்சோம்."

"என்னத்துல செஞ்ச சம்கி இது? தகரமும் இல்ல, கண்ணாடியும் இல்ல."

"அதெல்லாம் பாரிஸ்காரன் ரகசியம், மிஸஸ் பின்னி. எங்க கடை வாக்கு."

டார்க்கஸ் துணியை விரலில் தேய்த்துப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகர்ந்து மட்டும் பார்க்கவில்லை. அரைநூற்றாண்டு ஆகப்போகிற வாழ்க்கையில் கையில் எடுத்த துணிகளில் அவள் முகராமல் விட்டது அது ஒன்றுதான். புதுசில் முகர்வதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

தானே வெட்டி, தானே தைத்தாள். எஃபி போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பியபோது மீன் துள்ளின மாதிரி இருந்தது. "இதுல உன் வேர்வை மட்டும்தான் இருக்கும்" என்றாள் டார்க்கஸ். அவளுக்கு அதைவிடப் பெரிய ஆசீர்வாதம் தெரியாது.

விருந்து நடந்த ஹோட்டலில் ஜன்னல்களையெல்லாம் இறுக்கி மூடி, சூட்டுக் குழாய்களை முழுக்கத் திறந்துவிட்டிருந்தார்கள். டார்க்கஸ் தன் கறுப்புப் பட்டில் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். எதிரே இருந்தது அவள் கடைச் சரக்குதான். ஆட்கள் உள்ளே புகுந்து ஆடிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். கசாப்புக்கடை மிஸஸ் கட்பர்ட்டின் இளஞ்சிவப்பு, ஒரு சீமாட்டி ஜாம் கொட்டினது. மருந்துக்கடை மிஸஸ் ஆர்க்கலின் நீலம், ஒரு நாய் அதன் மேலேயே குட்டி போட்டது. வியர்க்க வியர்க்கப் பழைய வேர்வையும் புதுசோடு எழுந்து வந்தது. அவளுக்கு மட்டும் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. அவர்கள் அவளைப் பார்க்கவில்லை. விளக்குக் கம்பத்தை யார் பார்ப்பார்கள்.

மிஸஸ் டாரண்ட் அந்தச் சூட்டிலும் ஊதா மேலங்கியைக் கழற்றவில்லை. "எங்க அத்தை கொடுத்தது" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அரண்மனை வரைக்கும் போயிட்டு வந்த துணி." பிறகு எஃபியை முன்னால் நிறுத்தி மேலும் கீழும் பார்த்தாள்.

"பழசில்லையே?"

"இல்லைங்க. அம்மா புதுசா தைச்சது."

"ம். ரொம்ப மின்னுது. சரி, போய் ஆடு."

லயனல் ஆடினான். ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று, அது முடிந்து இன்னொன்று. எஃபியின் முதுகை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. டார்க்கஸ் முதலில் மூக்கால்தான் தெரிந்துகொண்டாள். தச்சன் பட்டறை வாசனை. மாட்டு எலும்பையும் குளம்பையும் வேகவைத்து எடுக்கிற வஜ்ஜிரப் பசை நாற்றம். யார் இந்த அசிங்கத்தைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் என்று ஒவ்வொருத்தியாகத் தேடினாள். மூக்கு அவளை எங்கெங்கோ அலைக்கழித்துவிட்டு, சொந்த மகள் மேல் கொண்டுபோய் நிறுத்தியது.

பாட்டு நின்றது. லயனல் கையை எடுத்தான். கை வரவில்லை. இழுத்தான், பச்சை நூல் நூலாகப் பசை நீண்டுகொண்டு வந்தது. எஃபியின் முதுகில் ஐந்து விரலோடு ஒரு பள்ளம். சுற்றிலும் சம்கி உருகி, மெழுகு வழிந்த மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. பாரிஸ்காரன் ரகசியம் எலும்புப் பசை.

"டாரண்ட் பையன் கைநாட்டு வெச்சுட்டான்யா" என்றார் கசாப்புக்கடை கட்பர்ட். ஹால் சிரித்தது.

பெண்கள் கோட்டு மாட்டுகிற அறைக்கு மகளை இழுத்துக்கொண்டு போய், ஈரத்துண்டை எடுத்துத் துடைத்தாள் டார்க்கஸ். தண்ணீர் பட்டதும் மிச்சமும் கரைந்து கொழகொழவென்று அவள் கையிலேயே வந்தது. எஃபி அழக்கூட இல்லை. முதுகை அசைக்காமல் நின்றாள்.

"அம்மா, மணி அடிக்கப் போறாங்கம்மா."

"தெரியும். ஆடாம நில்லு."

கதவு திறந்தது. மிஸஸ் டாரண்ட், பின்னாலேயே வேடிக்கை பார்க்க மிஸஸ் கட்பர்ட்டும் மிஸஸ் ஆர்க்கலும். மிஸஸ் டாரண்ட் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"என்ன நாத்தம் இது? எந்தக் குப்பையில பொறுக்கின துணி?"

"உங்க வீட்டுக்காரர் கடையில. அவர் கையாலயே அளந்து வெட்டிக் கொடுத்தார்" என்றாள் டார்க்கஸ்.

மிஸஸ் கட்பர்ட்டின் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது, இருமல் மாதிரி. மிஸஸ் டாரண்டின் கழுத்து சிவந்தது.

"கடையில ஆயிரம் துணி இருக்கும். போட்டுக்கத் தெரியணும். இந்தக் கோலத்துல எங்க மேஜைக்கு எப்படி வருவா? லயனல் எங்களோட வருவான். உங்க பொண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

எஃபி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் டார்க்கஸுக்குப் பொறுக்கவில்லை.

அவள் பசைக் கையைத் துடைத்துக்கொண்டு மிஸஸ் டாரண்டுக்குப் பக்கத்தில் போனாள். "மேலங்கி ஒரு பக்கம் மடிஞ்சிருக்குங்க. சரி பண்றேன்" என்றாள். இடதுபக்கத்தை விலக்கி, உள்ளே கையைவிட்டு, அக்குளுக்கு அடியில் தான் போட்ட முக்கோண ஒட்டின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். அழுத்திக்கொண்டே மிஸஸ் டாரண்டின் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டத்தை மீறவில்லை.

மிஸஸ் டாரண்டின் சிவப்பு இறங்கி, மாவு மட்டும் முகத்தில் நின்றது. மிஸஸ் கட்பர்ட் திடீரென்று தரையைப் பார்த்தாள். மிஸஸ் ஆர்க்கல் தன் அக்குளை மெல்ல மூடிக்கொண்டாள். அந்த அறையில் ஒட்டு இல்லாதவர்கள் டார்க்கஸும் எஃபியும் மட்டும்தான்.

"எஃபி" என்றாள் மிஸஸ் டாரண்ட். "உனக்குக் குளிருது போலிருக்கே. இதைப் போட்டுக்கோ."

தானே கழற்றி எஃபியின் தோளில் போட்டாள். டார்க்கஸ் இதை நினைத்துப் பார்க்கவில்லை. மேஜைக்கு வழி விடுவாள் என்றுதான் எதிர்பார்த்தாள். மேலங்கி அவள் மகள் தோளுக்கே வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வெளிர் ஊதாப் பட்டு எஃபியின் வெறும் முதுகில் ஒட்டியது. லேடி ஹால்ஸ்டனின் சிப்பி, அதற்கப்புறம் வாங்கின ஒரு நாடகக்காரியின் கழுத்துக் களிம்பு, அதற்கப்புறம் மிஸஸ் டாரண்ட். அத்தனை பேரும் அவள் மகள் தோல் மேல். கழற்றி எறியக் கை போயிற்று. அப்போது மணி அடித்தது.

அவள் கை கழுத்துக் கொக்கியை எடுத்து மாட்டியது. "கழட்டாதே" என்றாள். "நிமிர்ந்து நட."

லயனல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான், உள்ளங்கை இன்னும் பச்சையாக. இன்னொரு கையைக் கொடுத்தான். ஊதா வெல்வெட்டில் எஃபி வரிசையில் நடந்தபோது, "எந்த வீட்டுப் பொண்ணுய்யா?" என்று யாரோ கேட்டது டார்க்கஸ் காதில் விழுந்தது. ஜெயித்துவிட்டாள். மேஜையில் உட்கார்ந்ததும் முதல் தட்டு வந்தது. சிப்பி. டார்க்கஸ் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, விருந்து முடிகிற வரைக்கும் வெறும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் எஃபியைத் தொட்டியில் உட்கார வைத்து, சலவை சோடா போட்டுத் தோளைத் தேய்த்தாள்.

"போதும்மா, தோல் உரியுது."

"உரியட்டும். புதுசா வரும்."

"உனக்குச் சந்தோஷமே இல்லையாம்மா?"

"இருக்கு. கையைத் தூக்கு."

மத்தியானம் முன்கதவு மணி அடித்தது. மிஸஸ் டாரண்ட். முகத்தில் வலை இல்லை. சந்து முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நடுவாசலில் நின்றாள்.

"சம்பந்தி வீட்டுக்குப் பின்பக்கமாவா வர முடியும்?" என்று சிரித்தாள். கையில் ஊதா மேலங்கி. எஃபி அதை நேற்றே மடித்துத் திருப்பிக் கொடுத்திருந்தாள். "எஃபிக்கே இருக்கட்டும். அவளுக்கு நல்லா இருந்துச்சு. இந்தாங்க, எடுத்துக்கோங்க."

நன்றிக்காக ஒரு நிமிஷம் காத்துக்கொண்டு நின்றாள். இப்படி நிற்பதை டார்க்கஸ் முன்னே ஒரு வாசலில் பார்த்திருக்கிறாள்.

"சந்தோஷங்க" என்றாள்.

மிஸஸ் டாரண்ட் குனிந்து அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். மாவு, களிம்பு, அடியில் நேற்றைய வேர்வை. இன்றைக்குக் குளிக்கவில்லை என்று டார்க்கஸின் மூக்கு சொன்னது. இனி கிறிஸ்துமஸுக்கும் ஞானஸ்நானத்துக்கும் இந்தக் கன்னம் இந்த முத்தத்தை வாங்கியாக வேண்டும். சோடாத் துணியை எடுத்து அழுத்தித் துடைத்தாள்.

"இதை என்னம்மா பண்றது?" என்றாள் எஃபி, மேலங்கியைத் தொடாமல். "எனக்கு வேணாம். கழுத்துல நமைச்சல் எடுக்குது."

டார்க்கஸ் அதை எடுத்து அக்குளை முகர்ந்தாள். முகத்தைச் சுளித்தாள். மேஜையில் விரித்து, தவிட்டை அடுப்பில் வைத்தாள்.

தவிடு சூடேறுவதற்குள் பின்கதவைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. மிஸஸ் கட்பர்ட், முகத்துக்கு வலை போட்டுக்கொண்டு, சாம்பல் தொட்டிக்குப் பக்கத்தில்.

"மிஸஸ் பின்னி, ஒண்ணு கேக்கணும். வெளியில சொல்லாதீங்க. அந்த ஊதா மேலங்கி மாதிரி உங்ககிட்ட ஏதாவது வருமா?"

டார்க்கஸ் அவளை மேலும் கீழும் பார்த்தாள். டாரண்ட்காரி இதைக் கட்பர்ட்காரி தோளில் பார்ப்பாள், பார்த்துவிட்டு விளக்குக் கம்பத்தைப் பார்த்த மாதிரிப் போவாள். வேறு என்ன செய்ய முடியும் அவளால்.

"வியாழக்கிழமை வாங்க" என்றாள். "இருட்டினப்புறம்."